பதவிகள் உண்டு, அதிகாரங்கள் இல்லை: ஓர் ஆவணத் தொகுப்புச் சேவையைப் பற்றி

பொதுவாழ்வில் இருந்த ஒருவருடைய பெயரையும் காலத்தையும் எழுதிக் கொடுத்தால், நூலகங்களிலும் ஆவணக் காப்பகங்களிலும் அவரைப் பற்றிக் கிடைக்கும் தாள்களைத் தேடிப் படியெடுத்து, கால வரிசையில் அடுக்கி, ஒரு முன்னுரையும் சேர்த்துக் கட்டிய தொகுதியாக அனுப்பிவைக்கும் சேவைகள் சில இயங்கிவருகின்றன. ஆய்வு மாணவர்களும், குடும்ப வரலாறு எழுதுவோரும், ஊர் வரலாற்றில் ஈடுபாடுள்ள என் போன்றவர்களும் இவற்றின் வாடிக்கையாளர்கள். அத்தகைய நிறுவனம் ஒன்றிடம் சர் ஏ. டி. பன்னீர்செல்வத்தின் பொதுவாழ்வு பற்றிய தொகுப்பைக் கேட்டுப் பெற்று, முழுவதும் படித்து முடித்த பின் இந்த மதிப்புரையை எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. நான் சுட்டும் குறைகள் இத்தகைய சேவை எதிலும் நேரக்கூடியவை என்பதால், பணம் கட்டுவதற்கு முன் எவற்றைக் கேட்டுத் தெளிய வேண்டும் என்பதே வாசகருக்குக் கூடுதலாகப் பயன்படும்.

பன்னீர்செல்வத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. 1888 ஜூன் 1 அன்று பிறந்து 1940 மார்ச் 1 அன்று மறைந்த இவர், தஞ்சை மாவட்டத்து நிலக்கிழார். இங்கிலாந்தில் சட்டம் பயின்ற பாரிஸ்டர். நீதிக்கட்சியின் முன்னணித் தலைவர்களுள் ஒருவர். மாவட்ட உள்ளாட்சி அமைப்பான தஞ்சாவூர் ஜில்லா போர்டின் தலைவர், லண்டன் வட்டமேசை மாநாட்டின் பேராளர், சென்னை மாகாண ஆளுநரின் நிர்வாகக் குழு உறுப்பினர், 1937ஆம் ஆண்டின் இடைக்கால அமைச்சர், சட்டமன்றத்தில் எதிர்க்கட்சி வரிசையில் அமர்ந்தவர், இறுதியாக, பிரிட்டிஷ் அமைச்சரவையில் இந்திய விவகாரங்களுக்குப் பொறுப்பான இந்தியா மந்திரியின் ஆலோசகராக நியமிக்கப்பட்டவர் என ஒரே மனிதர் பல வகையான நிறுவனங்களின் வழியே கடந்து சென்றிருக்கிறார். அந்த நிறுவனங்கள் ஒவ்வொன்றும் தனக்கெனத் தனி வகை ஆவணங்களை விட்டுச்சென்றிருக்கின்றன. அவை இருக்கும் இடங்களும் வெவ்வேறு. ஒரு தேடல் சேவையின் திறனைச் சோதித்துப் பார்க்க இவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைப்பது அரிது.

தொகுப்பின் புற அமைப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தாள் தரமானது, கட்டு உறுதியானது, படிகள் பெரும்பாலும் தெளிவாக உள்ளன. பழைய செய்தித்தாள் பத்திகளில் ஓரம் வெட்டுப்பட்ட இடங்கள் சில உண்டு என்றாலும், மின்வடிவக் கோப்பில் அவற்றைப் பெரிதாக்கிப் படிக்க முடிகிறது. ஒவ்வொரு தாளுக்கும் கீழே அது எடுக்கப்பட்ட தொகுதியும் பக்கமும் குறிக்கப்பட்டிருப்பது பெரிய நன்மை. இதைச் செய்யாத தொகுப்பை ஆய்வுக்குப் பயன்படுத்தவே முடியாது. ஆகவே கேட்பவர்கள் இந்த ஒன்றை முதலிலேயே உறுதிப்படுத்திக்கொள்வது நல்லது.

உள்ளடக்கத்துக்கு வருவோம். இந்தத் தொகுப்பின் மிகப் பெரிய குறை அதன் தொடக்கத்திலேயே இருக்கிறது. பன்னீர்செல்வத்தின் ஜில்லா போர்டுக் காலம் ஒரு சில பக்கங்களில் முடிந்துவிடுகிறது. முன்னுரை எழுதியவர் அதை ஒரு படிக்கட்டாக மட்டுமே கருதி, விரைவாகக் கடந்து லண்டனுக்குப் போய்விட வேண்டும் என்ற அவசரத்தில் இருந்திருக்கிறார். ஆனால் 1920களில் ஜில்லா போர்டு என்பது சாதாரண அமைப்பு அன்று. சாலை, பள்ளிக்கூடம், மருத்துவமனை, சத்திரம் என மக்களுடைய அன்றாட வாழ்க்கையைத் தொடும் பலவும் அதன் பொறுப்பில் இருந்தன. தஞ்சாவூரைப் பொறுத்தவரை, மராட்டிய மன்னர்கள் இராமேசுவரம் செல்லும் யாத்திரிகர்களுக்காகக் கட்டி, நிலங்களை எழுதிவைத்த சத்திரங்களின் நிர்வாகமும் போர்டிடம் இருந்தது. ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி மன்னர் ஏற்படுத்திய முக்தாம்பாள் சத்திரம் இவற்றில் நன்கு அறியப்பட்டது.

பன்னீர்செல்வம் தலைவராக இருந்தபோது இந்த அறக்கட்டளைகளின் வருவாய் யாருக்காக, எதற்காகச் செலவிடப்பட வேண்டும் என்ற கேள்வி எழுப்பப்பட்டது. சத்திரங்களின் துணையில் ஏழை மாணவர்களுக்கான விடுதிகள் நடந்தன. திருவையாற்றில் வடமொழி மட்டும் கற்பிக்கப்பட்டுவந்த கல்லூரியில் தமிழும் கற்பிக்கப்பட வழி பிறந்தது. இதில் கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் தலைவர் த. வே. உமாமகேசுவரனார் பன்னீர்செல்வத்துக்குத் துணைநின்றார் என்பதைத் தஞ்சை வட்டாரத்தில் இன்றும் நன்றியுடன் சொல்வார்கள். பின்னாளில் தமிழ்ப் புலவர்கள் பலரை உருவாக்கிய அரசர் கல்லூரியின் வரலாற்றில் இது ஒரு திருப்பம். எதை நிறுவினார் என்பதைவிட, ஏற்கெனவே இருந்த ஓர் அறக்கட்டளையின் நோக்கத்தை ஆராய்ந்து, அதன் பயனை விரிவுபடுத்தினார் என்பதே இதில் கவனிக்கத்தக்கது. ஓர் அரசியல்வாதியின் நிர்வாகத் திறனை எடைபோட இதைவிட நல்ல சான்று எங்கே கிடைக்கும்? அறக்கட்டளை ஆவணத்தின் வாசகமும், போர்டின் தீர்மானங்களும், அதன்மேல் நடந்த விவாதங்களும் இத்தொகுப்பில் இருந்திருக்க வேண்டும். ஒன்றுமே இல்லை.

ஏன் இல்லை என்று நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டபோது, போர்டு ஆவணங்கள் மாவட்ட அளவில் சிதறிக் கிடப்பதாகவும், அட்டவணைப்படுத்தப்படாத கட்டுகளைப் புரட்டிப் பார்ப்பது தங்களுடைய அடிப்படைக் கட்டணத்தில் அடங்காது என்றும் பதில் வந்தது. பதில் மரியாதையாகவும் விரைவாகவும் வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். அதில் நியாயமும் உண்டு. ஆனால் இந்த வரம்பை முன்னுரையிலோ விலைப்பட்டியலிலோ எழுதாமல் விட்டதற்கு நியாயம் இல்லை. படிப்பவர் பக்கங்களின் எண்ணிக்கையைக் கொண்டே ஒரு காலத்தின் முக்கியத்துவத்தை எடைபோடுவார். சில பக்கங்களே இருந்தால் சிறிய வேலையே நடந்தது என்று எண்ணுவது இயல்பு.

வட்டமேசை மாநாட்டுப் பகுதி இதற்கு நேர்மாறானது. இதை எடுத்துத் தந்தவருடைய உழைப்பைப் பாராட்டாமல் இருக்க முடியாது. 1931 செப்டம்பரில் தொடங்கி டிசம்பர் 1 அன்று முடிந்த இரண்டாம் மாநாட்டில் இந்தியக் கிறித்தவர்களின் சார்பில் பன்னீர்செல்வமும் எஸ். கே. தத்தாவும் கலந்துகொண்டனர். ஆங்கில நடவடிக்கைக் குறிப்புகளில் பன்னீர்செல்வம் என்ற பெயர் சில இடங்களில் ஒரே சொல்லாகவும் சில இடங்களில் இரண்டாகப் பிரிந்தும் அச்சாகியிருப்பதால், கணினித் தேடலில் பாதித் தாள்கள் நழுவிவிடும். இங்கே அப்படி எதுவும் நழுவவில்லை. அட்டவணையை மட்டும் நம்பாமல் ஒருவர் உட்கார்ந்து படித்துப் பார்த்திருக்கிறார் என்பது தெரிகிறது. இதே பெயருள்ள பிற்கால அமைச்சர்களைப் பற்றிய செய்திகள் ஒன்றுகூடத் தவறி நுழையவில்லை என்பதும் சிறிய சாதனை அன்று.

இப்பகுதியின் மையம் 1931 நவம்பரில் முன்வைக்கப்பட்ட சிறுபான்மையினர் உடன்பாடு. முஸ்லிம்களின் சார்பில் ஆகா கான், ஒடுக்கப்பட்டோரின் சார்பில் அம்பேத்கர், ஆங்கிலோ இந்தியர்களின் சார்பில் ஹென்றி கிட்னி, ஐரோப்பியர்களின் சார்பில் ஹியூபர்ட் கார் ஆகியோருடன் இந்தியக் கிறித்தவர்களின் சார்பில் ராவ் பகதூர் பன்னீர்செல்வமும் அதில் கையொப்பமிட்டார். ஒரு சமுதாயத்தவர் மட்டுமே வாக்களித்துத் தம் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கும் தனி வாக்காளர் தொகுதிகளைக் கோரிய அந்த ஆவணத்தைக் காந்தியடிகள் மாநாட்டிலேயே கடுமையாக எதிர்த்தார். 1932 ஆகஸ்டில் பிரிட்டிஷ் பிரதமர் ராம்சே மெக்டொனால்டு அறிவித்த, சமுதாய வாரியாகச் சட்டமன்ற இடங்களை ஒதுக்கிய வகுப்புவாரித் தீர்ப்பு இந்தக் கோரிக்கைகளின் பின்னணியில் வந்ததே.

உடன்பாட்டின் முழு வாசகமும் தொகுப்பில் இருக்கிறது. ஆனால் அதே சமுதாயத்தின் சார்பில் அமர்ந்திருந்த தத்தா தனித்தொகுதி முறையை ஏற்கவில்லை என்பதைக் காட்டும் பக்கங்கள் சேர்க்கப்படவில்லை. பன்னீர்செல்வத்தின் பெயர் வரும் தாள்களை மட்டும் எடுப்பது என்ற விதியால் வந்த விளைவு இது. அவருக்கு எதிராகப் பேசியவர் அவருடைய பெயரைச் சொல்லாமல் பேசியிருந்தால் அந்தப் பேச்சு தொகுப்புக்குள் வராது. அரசியல்வாதி ஒருவருடைய நிலைப்பாட்டை, அவரோடு முரண்பட்டவர்களை விட்டுவிட்டு எப்படிப் புரிந்துகொள்வது? சென்னை மாகாணத்துக் கிறித்தவர் ஒருவருக்குத் தனித்தொகுதி ஏன் தேவையாகப் பட்டது, வடக்கிலிருந்து வந்த கிறித்தவருக்கு ஏன் அது தேவையற்றதாகப் பட்டது என்ற கேள்விதான் இப்பகுதியில் சுவையானது. இரு பேச்சுகளையும் பக்கத்தில் வைத்திருந்தால் படிப்பவரே அதை ஆராய்ந்திருப்பார்.

அடுத்து வருவது 1934 முதல் 1937 வரையிலான காலம். தொகுப்பின் முன்னுரை இக்காலத்தில் பன்னீர்செல்வத்தை ‘உள்துறை அமைச்சர்’ என்று குறிப்பிடுகிறது. மேடைப்பேச்சில் அப்படிச் சொல்வது வழக்கம்தான்; நானும் அதைக் குறையாகக் கொள்ள மாட்டேன். ஆனால் பணம் வாங்கிக்கொண்டு ஆவணம் தொகுத்துத் தருபவர்கள் அப்படி எழுதலாகாது. 1919ஆம் ஆண்டுச் சட்டத்தின் இரட்டையாட்சி முறையில் கல்வி, பொதுச் சுகாதாரம், உள்ளாட்சி போன்ற துறைகள் சட்டமன்றத்துக்குப் பொறுப்பான அமைச்சர்களிடம் இருந்தன. காவல், நிதி, நிலவரி போன்றவை ஆளுநரின் நிர்வாகக் குழு உறுப்பினர்களிடம் இருந்தன. அந்த உறுப்பினர்களைச் சட்டமன்றம் வாக்களித்து நீக்க முடியாது. பன்னீர்செல்வம் முகமது உஸ்மானுக்குப் பின் உள்துறையை ஏற்றது இந்த நிர்வாகக் குழு உறுப்பினர் என்ற முறையில்தான். அப்போதைய முதலமைச்சர் பொப்பிலி அரசரின் அமைச்சரவையில் அவர் இடம்பெறவில்லை.

இந்த வேறுபாடு தெரியாமல் அக்காலத்துச் சட்டமன்ற நடவடிக்கைகளைப் படித்தால் பல செய்திகள் புரியாமல் போகும். உறுப்பினர்கள் காவல்துறையைப் பற்றிக் கேட்கும் கேள்விகளுக்குப் பன்னீர்செல்வம் அளிக்கும் விடைகளின் தொனியும், அதே அவையில் பொப்பிலி அரசர் அளிக்கும் விடைகளின் தொனியும் ஏன் வேறுபடுகின்றன என்று படிப்பவர் வியக்கக்கூடும். ஒருவருடைய பதவி அவையின் நம்பிக்கையைச் சார்ந்தது, மற்றவருடையது சார்ந்ததன்று. நீதிக்கட்சிக்காரர் ஒருவர் பிரிட்டிஷ் ஆளுநரின் நேரடி நியமனத்தில் காவல்துறையை நடத்தினார் என்பது பெருமைக்குரியதா, விமரிசனத்துக்குரியதா என்பதைப் படிப்பவர் முடிவு செய்துகொள்ளட்டும். ஆனால் உண்மை இன்னதென்று முதலில் அவருக்குத் தெரிய வேண்டும். தாள்கள் எல்லாம் சரியாக எடுக்கப்பட்டிருக்கின்றன. முன்னுரையின் ஒரு சொல் அவற்றின் பொருளைக் கெடுத்துவிட்டது.

1937ஆம் ஆண்டு இடைக்கால அமைச்சரவைக்கு உரிய பகுதி சிறியது, அது சரியே. தேர்தலில் 215 இடங்களில் 159 இடங்களை வென்ற காங்கிரஸ், ஆளுநரின் சிறப்பு அதிகாரங்களைப் பற்றிய உறுதிமொழி கேட்டுப் பதவியேற்க மறுத்ததால், கூர்மா வேங்கட ரெட்டி நாயுடுவின் தலைமையில் ஏப்ரல் 1 முதல் ஜூலை 14 வரை ஓர் அமைச்சரவை இருந்தது. அதில் பன்னீர்செல்வம் உள்துறையையும் நிதியையும் கவனித்தார். அவரை அமைச்சர் என்று அழைக்கத்தக்க காலம் இதுவே. பெரும்பான்மை இல்லாத அமைச்சரவையின் அமைச்சராக இருந்தார் என்பது வேறு செய்தி.

இந்தி எதிர்ப்புப் போராட்டக் காலத்துக்கு ஏராளமான பக்கங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. 1938 ஏப்ரலில் ராஜாஜியின் அரசு 125 உயர்நிலைப் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கி ஆணை பிறப்பித்ததையும், அதன்பின் மறியல்களும் சிறைவாசங்களும் தொடர்ந்ததையும் தமிழ் வாசகர் அறிவர். அந்த ஆண்டின் இறுதியில் பெரியார் சிறையில் இருந்தபடியே நீதிக்கட்சியின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவர் உள்ளே இருந்த மாதங்களில் வெளியே இருந்து கட்சியையும் போராட்டத்தையும் தாங்கியவர்களில் முதல் வரிசையில் நின்றவர் பன்னீர்செல்வம். தொகுப்பில் உள்ள ‘குடி அரசு’, ‘விடுதலை’ இதழ்களின் படிகள் இதைத் தெளிவாகக் காட்டுகின்றன.

ஆனால் ஒரே செய்தி சிறு மாற்றங்களுடன் மீண்டும் மீண்டும் வருவதால் பக்கங்கள் பெருகுகின்றனவே தவிர, புதிய தகவல் பெருகவில்லை. பக்கக் கணக்கில் கட்டணம் வாங்கும் சேவைகளில் இதைக் கவனிக்க வேண்டும். எதிர்த்தரப்பின் இதழ்களிலிருந்து ஒரு பக்கம்கூட எடுக்கப்படவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. சட்டமன்றத்தில் பன்னீர்செல்வம் எழுப்பிய கேள்விகளுக்கு ராஜாஜி அளித்த விடைகளையாவது முழுமையாகத் தந்திருக்கலாம். இருவருமே வழக்கறிஞர்கள், வாதத் திறமையில் ஒருவருக்கொருவர் சளைக்காதவர்கள். கேள்வியை மட்டும் வைத்துக்கொண்டு விடையை வெட்டிவிட்டால் விவாதத்தின் சுவையே போய்விடுகிறது.

ஆலோசகர் பதவியைப் பற்றிய பகுதிதான் என்னை மிகவும் ஏமாற்றியது. இத்தொகுப்பை நான் கேட்டதற்கு முக்கியக் காரணமே அதுதான். 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம், லண்டனில் பல பத்தாண்டுகளாக இருந்துவந்த இந்தியா கவுன்சிலைக் கலைத்துவிட்டு, இந்தியா மந்திரிக்கு மூவருக்குக் குறையாமலும் அறுவருக்கு மிகாமலும் ஆலோசகர்களை வைத்துக்கொள்ள வகைசெய்தது. அவர்களில் பாதிப்பேராவது இந்தியாவில் பத்தாண்டுகள் அரசுப் பணியில் இருந்தவர்களாக இருக்க வேண்டும். பதவிக்காலம் ஐந்தாண்டுகள், மறுநியமனம் கிடையாது. ஆண்டுச் சம்பளம் 1,350 பவுன். இந்தியாவைத் தாயகமாகக் கொண்டவருக்கு மேலும் 600 பவுன் படி. ஆலோசகரைக் கலந்துகொள்வதா வேண்டாமா, கேட்ட ஆலோசனைப்படி நடப்பதா வேண்டாமா என்பது பொதுவாக இந்தியா மந்திரியின் விருப்பம். அரசுப் பணியாளர் தொடர்பான சில செய்திகளில் மட்டுமே ஆலோசகர்களின் இசைவு சட்டப்படி தேவைப்பட்டது.

ஆகவே இது உயர்ந்த பதவி, ஆனால் வரம்புக்குட்பட்ட பதவி. மாகாண அரசியலில் இருபதாண்டு அனுபவமுள்ள ஒருவர், தம் கட்சி தேர்தலில் வீழ்ந்து, போராட்டத்தின் வழியே மீண்டும் எழுந்துகொண்டிருந்த நேரத்தில், போர்க்கால லண்டனில் இத்தகைய பதவியை ஏன் ஏற்றார்? அங்கே அவரால் என்ன செய்திருக்க முடியும்? மாகாணத்தின் குரல் இந்தியா மந்திரியின் மேசைவரை நேரடியாகப் போகும் என்ற நம்பிக்கை அவருடைய தோழர்களுக்கு இருந்ததா? இக்கேள்விகளை எழுப்புவதற்கான அடிப்படைகூடத் தொகுப்பில் இல்லை. நியமனச் செய்தியும் வாழ்த்துச் செய்திகளும் இருக்கின்றன. சட்டத்தின் உரிய பிரிவின் படியைச் சேர்க்க ஒரே ஒரு பக்கம் போதும். அதை யாரும் நினைக்கவில்லை.

அதைவிட மோசமான ஒரு குழப்பமும் இப்பகுதியில் இருக்கிறது. 1939 அக்டோபர் இறுதியில் ராஜாஜியின் அமைச்சரவை பதவி விலகிய பின், சட்டத்தின் 93ஆம் பிரிவின்படி சென்னை மாகாண ஆட்சி ஆளுநரின் கைக்குச் சென்றது. ஆளுநர் தமக்குத் துணையாக ஐ.சி.எஸ். அதிகாரிகளை ஆலோசகர்களாக அமர்த்திக்கொண்டார். இவர்கள் சென்னைக் கோட்டையில் துறைகளை நடத்தியவர்கள். பன்னீர்செல்வம் நியமிக்கப்பட்டதோ லண்டனில் இந்தியா மந்திரியின் அலுவலகத்துக்கு. ஆலோசகர் என்ற ஒரே சொல்லைத் தேடியவர், ஆளுநரின் ஆலோசகர்களைப் பற்றிய அறிவிப்புகளையும் இங்கே கொண்டுவந்து சேர்த்துவிட்டார். விவரம் அறியாதவர் இதைப் படித்தால், பன்னீர்செல்வம் அமைச்சர்கள் இல்லாத ஆட்சியில் சென்னையில் துறை நடத்தியதாகவே எண்ணிக்கொள்வார். கட்சிக்காரர் ஒருவருடைய நற்பெயரை இது நேராகப் பாதிக்கும் பிழை. எழுதித் தெரிவித்தேன், மின்வடிவக் கோப்பிலிருந்து அந்தத் தாள்களை நீக்கித் திருத்திய படியை அனுப்பினார்கள். அச்சுப்படியில் பிழை அப்படியே இருக்கிறது.

கடைசிப் பகுதி விமான விபத்தைப் பற்றியது. லண்டன் செல்லப் புறப்பட்ட பன்னீர்செல்வம் பயணம் செய்த ‘ஹானிபல்’ என்ற இம்பீரியல் ஏர்வேஸ் விமானம், 1940 மார்ச் 1 அன்று ஈரானின் ஜாஸ்க்கிலிருந்து ஷார்ஜா நோக்கிப் பறக்கையில் ஓமான் வளைகுடாப் பகுதியில் காணாமல்போனது. பயணிகளும் விமானப் பணியாளர்களுமாக எட்டுப் பேர் அதில் இருந்தனர். விமானமும் கிடைக்கவில்லை, காரணமும் உறுதிப்படவில்லை. தொகுப்பில் இந்தப் பகுதி மிக விரிவானது. நான்கு எஞ்சின்களும் இரட்டை இறக்கைகளும் கொண்ட அந்த ஹேண்ட்லி பேஜ் ரக விமானத்தின் வரைபடங்கள்கூட இருக்கின்றன. தேடியவருக்கு விமானங்களில் தனி ஈடுபாடு இருந்திருக்க வேண்டும். ஜில்லா போர்டுக்குக் கிடைக்காத உழைப்பு எஞ்சினுக்குக் கிடைத்திருக்கிறதே என்ற ஆதங்கத்தை அடக்கிக்கொண்டுதான் படித்தேன்.

இருந்தாலும் இப்பகுதியால் ஒரு நன்மை உண்டு. தேதி வாரியாகத் தாள்கள் அடுக்கப்பட்டிருப்பதால், கட்டாய இந்தி ஆணையை ஆளுநர் எர்ஸ்கின் திரும்பப் பெற்ற பிப்ரவரி 21க்கும் விபத்து நிகழ்ந்த மார்ச் 1க்கும் இடையில் ஒன்பதே நாட்கள் என்பது கண்ணில் படுகிறது. போராட்டம் வென்ற செய்தியும் இரங்கல் செய்தியும் ஏறத்தாழ அடுத்தடுத்த பக்கங்களில் வருகின்றன. பெரியார் எழுதிய இரங்கலுரையும் இங்கே முழுமையாகச் சேர்க்கப்பட்டுள்ளது. கட்சி எதை இழந்தது என்பதை முன்னுரையைவிட அதுவே நன்றாகச் சொல்கிறது.

கட்டணத்தைப் பொறுத்தவரை, தேடும் நேரத்துக்கு ஒரு தொகை, படியெடுக்கும் பக்கத்துக்கு ஒரு தொகை என இரண்டாகப் பிரித்து வாங்குகிறார்கள். வெளியூரில் இருப்பவர் எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு வந்து தங்கித் தேடுவதற்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இது நியாயமானதே. வட்டமேசை மாநாட்டுப் பகுதி ஒன்றுக்காகவே நான் கொடுத்த பணத்தில் பெரும்பகுதி தகும். முன்னுரையை மட்டும் வேண்டாமென்று சொல்லிவிடுவது நல்லது. அதற்குத் தனிக்கட்டணம் வாங்குகிறார்கள், பிழைகளும் பெரும்பாலும் அதிலேயே இருக்கின்றன. அந்தத் தொகைக்கு, பதவி ஒவ்வொன்றையும் உருவாக்கிய சட்டப்பிரிவின் படியையும், எதிர்த்தரப்பினரின் பேச்சுகளையும் சேர்த்துத் தரும்படி கேளுங்கள். எழுத்தில் கேட்டால் செய்கிறார்கள்.

தஞ்சாவூர் ஜில்லா போர்டுக் காலத்துக்கு மட்டும் தனியாக ஒரு துணைத்தொகுப்பு வேண்டுமென்று இப்போது கேட்டிருக்கிறேன். சத்திர நிர்வாகம், திருவையாற்றுக் கல்லூரி, மாணவர் விடுதிகள் என மூன்று தலைப்புகளையும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அட்டவணை இல்லாத கட்டுகள் என்பதால் எதுவும் கிடைக்காமல் போனாலும் தேடல் கட்டணம் திருப்பித் தரப்படமாட்டாது என்பதை இந்த முறை முன்கூட்டியே எழுதி அனுப்பியிருக்கிறார்கள்.